வயிற்றில் வரைந்த மைக்கோடு

என் மூத்த மகனுக்கு ஏழாம் நாளில் பேர் வைத்து, தலைமுடி இறக்கிய மறுநாளே சுன்னத்தும் வைத்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். பேச்சு முன்னறையில் நடந்தது. நான் உள்ளறையில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் ஆறு, ஏழு வயதில்தான் பையன்களுக்குச் சுன்னத்து வைப்பார்கள். புதுச் சட்டை எடுத்து, மாலை போட்டு, சொந்தக்காரர்களுக்குச் சோறாக்கிப் போடுவார்கள். பச்சைப் பிள்ளைக்கு வைத்து சங்கரன்கோவிலில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் மட்டும் பார்த்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் முடித்து, துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்களாம். பிள்ளை பிறக்கும் நேரத்துக்குச் சரியாக லீவு வாங்கி வந்திருந்தார். லீவு முடியப் போகிறது. இதை விட்டால் மறுபடி வர இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

"பெருசானப்புறம் வச்சா என்னங்க? நீங்க வார சமயமாப் பாத்து வைப்போம்" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னார்:

"எனக்குச் சுன்னத்து வைக்கையில எங்க வாப்பா சிலோன்ல இருந்தாவ. நான் வாப்பா வேணும்னு கத்துனேனாம். எம்பிள்ளைக்கு வைக்கையில நான் பக்கத்துல இருக்கணும்."

என் உம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே மவுத்தாகிவிட்டதால் பிரசவம் மாமியார் வீட்டில்தான். பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள் சொல்லி எதுவும் மாறுகிற வீடும் அல்ல அது. மாமிக்கு மகன் சொன்னால் சரி.

சுன்னத்து வைப்பவரை எங்கள் பக்கம் ஒஸ்தா என்போம். எங்கள் ஒஸ்தாவுக்கு அறுபது வயது இருக்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பிள்ளையைப் பார்த்ததும் தயங்கினார்.

"தம்பி, சொல்லுதேன்னு தப்பா எடுக்கக் கூடாது. இம்புட்டுப் பச்சப் பிள்ளைக்கு நான் வச்சதில்ல. கொஞ்சம் தேறட்டும்."

"அங்கன எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் வைக்காவ, மாமா. ஒண்ணும் ஆவல."

"அங்கன டாக்டர்லா வைப்பாரு."

"எனக்கே நீங்கதான் வச்சிய. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அந்த ஒரு பேச்சில் அவர் இளகிவிட்டார். முன்னறையிலிருந்து பிள்ளை ஒரு தடவை வீறிட்டது கேட்டது. பிறகு மூச்சு வாங்கி வாங்கி அழுதது. கொண்டுவந்து என் மடியில் போட்டபோது இடுப்பில் வெள்ளைத் துணிக்கட்டு இருந்தது. பழைய வேட்டியை எரித்த சாம்பலைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் புண்ணில் வைத்து, மேலே துணியைச் சுற்றியிருந்தார். ஏழு நாளைக்குக் கட்டைப் பிரிக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, நானே வந்து பிரிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நாள் பிள்ளை அழுதான், குடித்தான், தூங்கினான். நீர் போகும்போது மட்டும் கால்களை மடக்கிக்கொண்டு கத்தினான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆம்பளப் பிள்ளலா, இதுக்குப் போயி அழுதியே" என்று கொஞ்சினார். மாமி தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டாள்.

அப்போது எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. விடிந்தால் தறி ஓட ஆரம்பித்துவிடும், ஒருவரோடு ஒருவர் பேசுவதே சத்தம் போட்டுத்தான். தபசுக்குத் தறிகளையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். அன்று காலையில் தெரு அடங்கிக் கிடந்தது. தூரத்தில் கோயில் பக்கம் ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது, பிள்ளை அழுது ரொம்ப நேரமாகிறது.

மார் கட்டிக் கல்லாக இருந்தது. பிள்ளையை எடுத்து வாயில் வைத்தேன். காம்பைப் பிடிக்காமல் உதட்டில் வைத்தபடியே கிடந்தான். கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணைத் திறந்து என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பால் தானாகச் சொட்டி அவன் காதோரம் வழிந்தது.

"மாமி, பிள்ள குடிக்க மாட்டேங்கான்."

"கட்டுப் போட்ட பிள்ள அனங்காமத்தான் கெடக்கும். வலியில கெறங்கிக் கெடக்கு" என்றாள் மாமி.

"துணியும் நனையல்ல. நேத்து மத்தியானத்துல இருந்து நனையல்ல."

"குடிச்சாத்தானட்டி நனையும்."

சரிதான் என்று கொஞ்ச நேரம் இருந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. நெற்றி சுடவில்லை, ஆனால் தொடை இடுக்கில் கை வைத்தால் அனல் அடித்தது. ஒரு வாடையும் வந்தது. தொப்புள் வாடையாக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது.

கட்டைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கட்டின் மேல் விளிம்பை மட்டும் விரலால் விலக்கிப் பார்த்தேன். அடிவயிறு தீப்பட்டது போலச் சிவந்து, தோல் இழுத்துக் கட்டினாற்போல மினுங்கியது. கட்டுக்குக் கீழே விதைப்பை வீங்கி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. தொப்புளுக்குக் கீழே உருண்டையாகக் கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு பிள்ளையோடு வாசலுக்கு வந்தேன். மாமி குறுக்கே வந்தாள்.

"நாப்பது கழியாம வாசப்படி தாண்டுவியா? ஒஸ்தாவுக்கு ஆள் விடுதேன். அவரு வந்து பாக்கட்டும்."

"அவரு வர வரைக்கும் இவன் இருக்க மாட்டான் மாமி."

அப்படிச் சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். என் வாயிலிருந்து அது வந்ததை மாமியும் எதிர்பார்க்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்த என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் வாசலில் பார்த்து நின்றுவிட்டார். நான் துணியை விலக்கிக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் கூட்டம். குருவிகுளத்துப் பக்கமிருந்தும் இளையரசனேந்தல் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிய ஆண்கள், தலையில் மூட்டை வைத்த பெண்கள், அவர்களுக்கு நடுவே நாங்கள் எதிர்த்திசையில் முட்டி மோதிப் போனோம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

அன்று பணியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. கட்டைப் பார்த்ததும் யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கேட்டார். வெந்நீரில் உப்பைப் போட்டுப் பஞ்சில் நனைத்து நனைத்துக் கட்டின் மேல் விட்டார். ஒட்டிக் காய்ந்திருந்த துணி இளகி, ஒவ்வொரு சுற்றாக வந்தது. உள் சுற்று மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. கடைசிச் சுற்று வந்ததும் தேங்கியிருந்த சிறுநீர் பீறிட்டு டாக்டரம்மாவின் சேலையில் அடித்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், கட்டு இறுகியிருந்திருக்கிறது, இனிச் சரியாகிவிடும் என்று எனக்கும் தோன்றியது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிள்ளையின் அடிவயிற்றில் சிவந்திருந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்து, மறுபடி அமுக்கி எடுத்தார்.

"கர்ப்பமா இருக்கும்போது ஊசி போட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு ஊசி போட்டேன்மா."

"அது நல்லது. ரண ஜன்னி வராது, அந்தப் பயம் ஒண்ணு விட்டுது. ஆனா இது வேற. புண்ணுல சீழ் புடிச்சு, தோலுக்கு அடியில பரவிக்கிட்டு இருக்கு. பெரிய பையன்னா ஒடம்பு எதிர்த்து நிக்கும். இது பச்சப் பிள்ளை. ரத்தத்துல கலந்துட்டா நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இப்பவே."

ஒரு ஊசி போட்டார். பிறகு பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரைக்கும் வந்திருக்கிறதோ அந்த விளிம்பையொட்டிப் பிள்ளையின் வயிற்றில் நீல மையால் ஒரு கோடு போட்டார். தொப்புளுக்குக் கீழே வளைந்து, இரண்டு பக்கமும் தொடை வரைக்கும் இறங்கியது அந்தக் கோடு.

"செவப்பு இதைத் தாண்டுதான்னு பாத்துக்கிட்டே போங்க. அங்க டாக்டர்ட்ட இந்தக் கோட்டைக் காட்டுங்க. எப்பப் போட்டதுன்னு சொல்லுங்க."

வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் தபசுக்குப் போயிருந்தது. பஸ் நிலையத்தில் வந்து நின்ற பஸ்களில் கூரை மேலேயும் ஆள். ஆனால் திருநெல்வேலிக்குக் கிளம்பிய பஸ்ஸில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். ஊரே உள்ளே வந்துகொண்டிருக்க, நாங்கள் வெளியே போனோம். மாமியும் வந்து ஏறிவிட்டாள். வீட்டைப் பூட்டினாளா, யாரிடம் சொன்னாள், ஒன்றும் நான் கேட்கவில்லை. தஸ்பீகு மணியைக் கையில் உருட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆடிக் காற்று பஸ்ஸுக்குள் புழுதியை வாரி இறைத்தது. நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, துப்பட்டிக்குள் பிள்ளையை வைத்து, அடிக்கடி துணியை விலக்கிக் கோட்டைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் வயிற்றைப் பார்க்க முடியவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்பார்:

"தாண்டிட்டா?"

"இல்ல."

பனவடலிசத்திரம் தாண்டியதும் ஒரு செம்மறிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டது. டிரைவர் ஆரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆடுகள் அவசரப்படவில்லை. கண்டக்டர் இறங்கிப் போய், ஆடு ஓட்டி வந்த கீதாரியிடம் ஏதோ சொல்லி, தானும் கையை வீசி ஆடுகளை விரட்டினார். திரும்பி ஏறும்போது என்னிடம், "கொழந்தைக்கு என்னம்மா?" என்று கேட்டார். அந்த இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "வயித்துல நோவு" என்றேன். அதன் பிறகு ஏற ஆள் நின்ற ஓரிரு இடத்தில்கூட அவர் விசில் கொடுக்காமல் விட்டார்.

மானூர் பக்கத்தில் மறுபடி பார்த்தபோது வலது பக்கம் சிவப்பு மையைத் தொட்டுவிட்டிருந்தது. ஒரு நெல் அகலத்துக்குத் தாண்டியும் இருந்தது.

"தாண்டிட்டா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

பெரியாஸ்பத்திரியில் கோட்டைக் காட்டியதும் யாரும் எங்களை வரிசையில் நிறுத்தவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மருந்து ஏற்றக் கையிலும் காலிலும் நரம்பு கிடைக்கவில்லை. ஒரு நர்ஸம்மா, கிறிஸ்தவர், கழுத்தில் கறுப்புக் கயிறில் சிலுவை போட்டிருந்தார், பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்து, "மொட்டை போட்டிருக்கியளா? எனக்கு ஒரு வேல மிச்சம்" என்று சொல்லி, நெற்றிக்கு மேலே ஊசியை ஏற்றி பிளாஸ்திரி ஒட்டினார். ஒரு சின்னச் சிணுங்கல்கூட இல்லை. ஊசி குத்தியும் அழாத பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல ஒரு கொடுமை கிடையாது.

பால் கொடுக்க வேண்டாம், வயிறு உப்பியிருக்கிறது என்றார்கள். எனக்கோ மார் வெடித்துவிடும் போல இருந்தது. பெண்கள் குளிக்கும் இடத்தில் போய் நின்று, டம்ளரில் பீய்ச்சிக் கொட்டினேன். தண்ணீரோடு கலந்து வெள்ளையாகச் சாக்கடையில் ஓடும். ஒவ்வொரு தடவையும், இது வற்றிவிடக் கூடாது, இது வற்றினால் அவனும் போய்விடுவான் என்று என்னை அறியாமல் ஒரு எண்ணம் வரும். மார்பு கனக்கும்போதெல்லாம் அவன் இருக்கிறான் என்று ஒரு தெம்பு.

மறுநாள் காலையில் டாக்டர் முதல் கோட்டுக்கு மேலே இரண்டாவது கோடு போட்டார். மருந்தை மாற்றினார்கள். அன்று சாயங்காலம் அந்தக் கோட்டையும் தொட்டுவிட்டது. விதைப்பையில் ஒரு இடம் கறுக்கத் தொடங்கியது. அந்தத் தோல் செத்துவிட்டது, வெட்டி எடுக்க வேண்டும், அடியில் சதை நன்றாக இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னார். நிறையப் படித்தவர், ஆனால் வளைத்துப் பேசத் தெரியாதவர். அது எனக்கு நல்லதாகத்தான் இருந்தது.

மாமி என்னை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ஏட்டி, நீ டாக்டர்ட்டக் கேளு. பொழச்சு வந்தா... அவன் ஆம்பளையா இருப்பானான்னு கேளு."

"மொதல்ல இருக்கட்டும் மாமி."

"அதுவும் சரிதான்" என்றாள். அவள் அழுததை அன்றுதான் நான் முதல்முதலாகப் பார்த்தேன். எனக்கும் அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் பத்திரமாக இருக்கிறது, போவது மேல்தோல்தான், அது வளர்ந்துவிடும் என்றார்.

கறுத்த தோலை எடுத்த பிறகு தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். முதல் தடவை கழுவும்போது வெளியே நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வீறிட்ட சத்தம் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட அழுகை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

"எதுக்கு உள்ள வாரிய?" என்றார் நர்ஸம்மா. "பிள்ள அழுதான்னு பதறாதிய. அழட்டும். இவன் எப்ப அழுவான்னுதான் நாங்களும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

அன்று மத்தியானம் ஒஸ்தா வந்தார். யார் சொல்லி விட்டார்களோ தெரியாது. கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். வார்டு வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து வேகமாகப் போனார். அடித்துவிடுவாரோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். ஆனால் பக்கத்தில் போனதும் ஒஸ்தாவின் சட்டையைப் பிடிக்க நீட்டின கையை அப்படியே இறக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நடந்துவிட்டார்.

ஒஸ்தா என்னிடம் கேட்டார்: "மவளே, பிள்ள நீர் விடுதானா?"

"விடுதான் மாமா."

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னிய. நானும் கேட்டேன்."

"சொல்லிட்டு, பொறவு நான்லா வச்சேன்" என்றார். பழப் பையை மாமியிடம் நீட்டினார். மாமி வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். அந்த நேரம் யார் மேலும் கோபப்பட என்னிடம் தெம்பு இல்லை.

என் வீட்டுக்காரர் போக வேண்டிய நாள் வந்தது. பம்பாய் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் விசா போய்விடும். குவைத் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. சிவப்பு இரண்டாவது கோட்டிலேயே நின்றிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது.

"நான் போவல" என்றார்.

நான் டாக்டரிடம் போய், அவிய போகலாமா என்று கேட்டேன். டாக்டர், "இன்னும் ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார். அதை அப்படியே வந்து சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். போ என்று நான் சொன்னால் போவார், இரு என்று சொன்னால் இருப்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் ஆயுசுக்கும் அதை நான்தான் சுமக்க வேண்டும்.

"நீங்க இருந்தா எனக்குத் தைரியம்" என்றேன். "ஆனா நீங்க இருந்து அவனுக்கு ஒண்ணும் ஆவப் போறதில்ல. போயிட்டு வாங்க."

அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பிள்ளையின் வயிற்றைத் தானே திறந்து பார்த்தார். கோட்டின் மேல் விரலை வைத்து ஓரமாகத் தடவினார். உதட்டுக்குள் துவா ஓதி ஊதினார். பிறகு பெட்டியைக்கூட எடுக்க வீட்டுக்குப் போகாமல், ஆள் விட்டு வரவழைத்து, அங்கிருந்தே ரயிலுக்குப் போனார்.

அவர் போன இரண்டாம் நாள் சிவப்பு இறங்கத் தொடங்கியது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் வெள்ளைத் தோல் தெரிந்தது. நான் நம்பவில்லை, நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றார். மாமி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அன்று மாலை, கொஞ்சம் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். உதட்டில் வைத்ததும் காம்பைக் கவ்விக்கொண்டான். வலி உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

பம்பாயில் அவர் தங்கியிருந்த லாட்ஜுக்கு உடனே தந்தி கொடுத்தோம். அது போய்ச் சேர்வதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். கடையநல்லூர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும்போது அவர் மூலம் சொல்லி விட்டோம். அந்தச் சேதி கிடைக்கும் வரையில் அவருக்கு மகன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த நாட்களைப் பற்றி அவர் என்னிடம் இதுவரை வாய் திறந்ததில்லை.

நாற்பதாம் நாளை ஆஸ்பத்திரியிலேயே கழித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். புண் முழுவதும் ஆறப் பல வாரம் ஆயிற்று. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கவனித்துக்கொண்டே இருங்கள், தழும்பு விழும்போது துவாரம் சுருங்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் என் நாள் முழுக்க அதிலேயே போனது. வீட்டு வேலை பாதியில் கிடக்கும், நான் பிள்ளையைக் காலில் போட்டு நீர் விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேராகப் போகிறதா, பிரிந்து போகிறதா, முக்குகிறானா, எவ்வளவு நேரம். பக்கத்து வீட்டுப் பெண்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

குவைத்திலிருந்து அவர் ஒரு டேப்ரிக்கார்டர் கொடுத்தனுப்பினார், கூடவே தான் பேசிப் பதிவு செய்த கேசட். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு மாமி அதைப் போடச் சொன்னாள். எல்லாருக்கும் சலாம் சொல்லி, ஒவ்வொருவராகச் சுகம் விசாரித்துவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "பிள்ள நீர் விடுதது எப்படி இருக்கு? நேராப் போவுதா?" ஆண்களும் பெண்களுமாக நிறைந்திருந்த அறையில் எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

பதில் கேசட்டில் எல்லாரும் பேசினார்கள். எல்லாரும் போன பிறகு நான் தனியாக அதை மறுபடி பதிவில் போட்டேன். பிள்ளையை முற்றத்தில் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு காலிப் பவுடர் டின்னை வைத்தேன். டின்னில் நீர் விழும் சத்தம் முழுவதும் பதிவாகும் வரை அசையாமல் இருந்தேன். "கேட்டியளா?" என்று மட்டும் கடைசியில் சொன்னேன். வேறெதுவும் அந்தக் கேசட்டில் நான் பேசவில்லை.

டாக்டர் பயந்தது நடக்காமலும் போகவில்லை. நடக்கப் பழகின வயதில் நீர்த்தாரை நூலாக மெலிந்தது. முகம் சிவக்க முக்கினான். பெரிய ஆபரேஷனாக இருக்கும் என்று நினைத்துப் பாளையங்கோட்டைக்கு ஓடினேன். சின்ன வேலைதான் என்று, சுருங்கிய இடத்தைக் கொஞ்சம் கீறி அகலமாக்கி அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் சுவருக்கு எட்டி அடிக்கிற அளவுக்கு வந்தது. சுவர் பாழாகிறது என்று மாமி திட்டியதை நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் லீவில் வந்தபோது மகனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அவரை அடையாளம் தெரியாமல் என் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மிட்டாய் கொடுத்துப் பார்த்தார், பொம்மைக் காரைக் கொடுத்துப் பார்த்தார். வாங்கிக்கொண்டான், பக்கத்தில் வரவில்லை. மறுநாள் காலையில் அழுதுகொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தான்.

"உம்மா, அந்த மாமா நான் ஒண்ணுக்குப் போறதப் பாக்காவ."

எட்டிப் பார்த்தேன். முற்றத்து மூலையில் அவர் குந்தி உட்கார்ந்து ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மகன் பிறந்தபோது யாரும் சுன்னத்துப் பேச்சை எடுக்கவில்லை. ஆறு வயது வரையில் அப்படியே போனது. பிறகு நான்தான் எடுத்தேன். அவர் லீவில் வந்த சமயமாகப் பார்த்து, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் தேதி வாங்கி, மரத்துப்போக ஊசி போட்டு வைத்தோம். மூன்றாம் நாள் அவன் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் கோலி விளையாடப் போய்விட்டான். நானும் அவரும்தான் அந்த வாரம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை.